ஆலை வாயிலுக்கு வந்த தமிழ்

மாமல்லபுரம் சென்று வந்த தோழர்கள், தருமராசர் தேர் என்று பெயர் சூட்டப்பட்டிருக்கும் ஒற்றைக்கல் கோயிலைப் பார்த்திருப்பார்கள். அண்ணாந்து நோக்கினால், பல்லவ மன்னனின் பட்டப் பெயர்கள் வரிசை வரிசையாக வெட்டப்பட்டிருப்பது தெரியும். எழுத்து கிரந்தம், மொழி வடமொழி. பாறையைக் குடைந்த பாட்டாளி வீட்டிலே பேசிய மொழி அதுவல்ல. அதே ஊரில், அலை வந்து மோதும் கடற்கரைக் கோயிலில், முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, இராசராசன் காலத்திலே வெட்டப்பட்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஊரார் நிலத்தைப் பகுத்துக்கொண்ட செய்தி அது. அது தமிழிலே இருக்கிறது. மன்னன் புகழ் பாட வடமொழி. மக்கள் காரியம் நடக்கத் தமிழ்!

நூறாண்டுக்கு முன்னர் தமிழ்ச் செய்தித்தாள் இருந்த நிலையும் ஏறத்தாழ இந்தத் தேரின் நிலைதான். எழுத்து என்னவோ தமிழ் எழுத்து. உள்ளே இருந்த சொல்? தலைவர் என்று எழுதமாட்டார்கள், அக்கிராசனாதிபதி என்பார்கள். சொற்பொழிவு கிடையாது; உபந்நியாசம். நன்றியுரை கிடையாது; வந்தனோபசாரம். தேர்தலுக்கு நிற்பவர் வேட்பாளர் அல்லர், அபேட்சகர்! தந்தியிலே ஆங்கிலத்தில் வந்த செய்தியை, ஆங்கில வாக்கியத்தின் எலும்பை அப்படியே நிறுத்தி, அதன்மேல் வடசொல்லைப் போர்த்தி, தமிழ் என்று பெயரிட்டு வீதிக்கு அனுப்பினார்கள். சுதேசமித்திரன் 1882-இல் வார ஏடாகப் பிறந்து, 1899-இல் நாளேடாயிற்று. அது செய்த நாட்டுத் தொண்டை நாம் குறைத்துரைக்கவில்லை. ஆனால் அதை விரித்துப் படித்தவர் யார்? வழக்கறிஞர் படித்தார், மிராசுதார் படித்தார், பள்ளி ஆசிரியர் படித்தார். பெரம்பூர் ஆலையிலே பஞ்சுத் தூசியை விழுங்கி நின்ற தொழிலாளிக்கு, பிறர் படிக்கக் காதால் கேட்டாலும் பாதிதான் விளங்கும். மேடையோ இன்னும் மோசம். நாட்டு விடுதலையைப் பற்றி நம் மக்களுக்கே ஆங்கிலத்திலே முழங்கினார்கள், கைதட்டவும் செய்தார்கள்!

இந்த நிலையை மாற்றிய கைகள் பல. பாரதியார் பாதை வெட்டினார். பல்லாவரத்திலே அமர்ந்து மறைமலையடிகள் களையெடுத்தார். ஆனால் அன்றாடச் செய்தித்தாளுக்குள் நல்ல தமிழைக் கொண்டுவந்து, அதை ஆலை வாயிலிலே நின்று பேசிக் காட்டியவர் என்றால், நாம் முதலில் சொல்லவேண்டிய பெயர் திரு.வி.க.

காங்கிரசுக்காரர் அவர், சைவர், முருகனைப் பற்றி நூல் எழுதியவர். அவரை நம் ஏட்டில் ஏன் எழுத வேண்டும் என்று கேட்கும் இளந்தோழர்கள் இருக்கிறார்கள். நாம் எழுதும் வாக்கியத்திலே அவருடைய உழைப்பு இருக்கிறது. எழுதாமல் எப்படி இருப்பது?

1883 ஆகஸ்டு 26-இல் பிறந்தார். ஊர் துள்ளம், தண்டலம் என்றும் சொல்வார்கள். அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துச் சிற்றூர். அந்த நாளிலே செங்கற்பட்டு மாவட்டம் சென்னையை மூன்று புறமும் வளைத்துக் கிடந்தது. காஞ்சியும் அதற்குள், மாமல்லபுரமும் அதற்குள். முன்னோரின் ஊர் திருவாரூர். தந்தையார் பெயர் விருத்தாசலம். ஆகவே திருவாரூர் விருத்தாசலம் கல்யாணசுந்தரம் என்பதுதான் திரு.வி.க. பெயரின் முன்னே நிற்கும் திரு மரியாதைக்கு வைத்தது என்று பலர் எண்ணுகிறார்கள். மரியாதை சேர்க்க வேண்டுமானால், திரு. திரு.வி.க. என்றுதான் எழுத வேண்டியிருக்கும்! 1967-இல் அண்ணா முதலமைச்சரான பிறகு, அரசுத் தாள்களில் ஸ்ரீயும் ஸ்ரீமதியும் இறங்கித் திருவும் திருமதியும் ஏறின. அதற்கு முன்பே அந்தச் சொல்லைப் பெயரிலேயே சுமந்து திரிந்தவர் அவர்.

தந்தையிடம் முதல் பாடம். பிறகு சென்னை இராயப்பேட்டை. 1894-இல் வெசுலி பள்ளியிலே சேர்ந்தார். சேர்ந்த சில திங்களில் நோய் வந்து கைகால் முடங்கிற்று. நான்காண்டுப் படிப்பு போயிற்று. மறுபடி சேர்ந்தார். 1904-இல் பள்ளி இறுதித் தேர்வு வந்தது. அந்த நேரத்திலே அவருடைய தமிழாசிரியர் யாழ்ப்பாணம் கதிரைவேற்பிள்ளை வழக்கு மன்றத்தில் நின்றார். வள்ளலார் பாடல்களுக்கு அருட்பா என்ற பெயர் தகுமா தகாதா என்று நெடுங்காலம் நடந்த சண்டையின் ஒரு கிளை அந்த வழக்கு. ஆசிரியருக்காகச் சாட்சி சொல்லப் போனார் மாணவர். தேர்வு நாள் கடந்துவிட்டது. பள்ளிப் படிப்பு அதோடு முடிந்தது. ஒரு சொல்லுக்காக எழுந்த வழக்கிலே தன் எதிர்காலத்தை வைத்து இழந்தவர் என்றும் இதைச் சொல்லலாம். வேடிக்கை என்னவென்றால், ஆசிரியர் எதிர்த்த அந்த வள்ளலாரைப் பின்னாளிலே போற்றி நூல் எழுதியவரும் இதே மாணவர்தான்.

சிறிது காலம் ஸ்பென்சர் கம்பெனியில் கணக்கு எழுதினார். அரசியல் ஆர்வம் அங்கே இருக்கவிடவில்லை. பிறகு வெசுலி பள்ளியிலே ஆசிரியர் வேலை, அதன் கல்லூரியிலே தமிழாசிரியர் வேலை. மாதம் பிறந்தால் சம்பளம் வரும் வேலை! 1917-இல் அதை விட்டார். அந்த ஆண்டு டிசம்பர் 7-இல் தேசபக்தன் நாளேடு வெளிவந்தது, ஆசிரியர் திரு.வி.க.

அந்த ஏட்டை நடத்துவது எத்தகைய வேலை என்பதை இன்றைய இளைஞர் எண்ணிப் பார்க்க வேண்டும். 1910-ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் தலைக்குமேல் தொங்கிற்று. அச்சகம் தொடங்குவோரிடம் 500 ரூபாய் முதல் 2000 ரூபாய் வரை காப்புப் பணம் கேட்க அந்தச் சட்டம் இடம் தந்தது. எழுதியது அரசுக்குப் பிடிக்காவிட்டால் பணம் பறிபோகும். மறுபடி திறக்க வேண்டுமானால் பத்தாயிரம் வரை கேட்பார்கள். உயர்ந்த சம்பளக்காரனுக்கே அது மலைப்பான தொகை. அந்த மிரட்டலுக்கு அடியிலே உட்கார்ந்துதான் தலையங்கம் எழுத வேண்டும்.

எழுதினார். எப்படி எழுதினார்? சின்னச் சின்ன வாக்கியம். ஒரு வினா, அதற்கு ஒரு விடை. உடனே அடுத்த வினா. சங்க நூலிலும் சமய நூலிலும் உறங்கிய சொற்களை எழுப்பி, வரியைப் பற்றியும் வேலைநிறுத்தத்தைப் பற்றியும் பேசச் சொன்னார். இலக்கியத் தமிழ் புலவர் வீட்டுப் பெட்டிக்குள் இருக்க வேண்டியது, செய்தித்தாளுக்கு அது ஆகாது என்றிருந்த எண்ணம் உடைந்தது. அவர் நடையிலே நமக்குக் குறையே தெரியவில்லையா என்றால், தெரிகிறது. பக்தி பெருக்கெடுக்கும்போது நீர் அதிகமாகிச் சோறு குழைந்துவிடும். அடுக்கிய சொல்லையே மீண்டும் அடுக்குவார். தனித்தமிழ் வீரரும் அல்லர். ஏட்டின் பெயரையே பாருங்கள்: தேசபக்தன்! 1920 அக்டோபரில் தொடங்கிய வார ஏட்டின் பெயர் நவசக்தி! பல்லாவரத்து அடிகள் 1916 முதல் ஒவ்வொரு வடசொல்லாகப் பிடித்து வெளியே நிறுத்திக்கொண்டிருந்த காலம் அது. ஒருவர் மொழியைத் தூய்மை செய்தார். மற்றவர் மொழியை ஊருக்குள் நடக்கவிட்டார். நம் இயக்கம் இருவரிடமும் வாங்கிற்று. அடிகளிடமிருந்து சொல்லை எடுத்தோம், திரு.வி.க.விடமிருந்து அந்தச் சொல் கூட்டத்துக்கு முன்னால் மூச்சுவிடும் முறையை எடுத்தோம்.

ஆலைக் கதைக்கு வருவோம். பெரம்பூரிலே பின்னி கம்பெனியின் பக்கிங்காம் ஆலை, கர்நாடிக் ஆலை. அந்தப் பக்கத்திலே செல்வபதி செட்டியார், இராமானுசலு நாயுடு என்னும் இருவர் தொழிலாளரைக் கூட்டிச் சமயச் சொற்பொழிவு நடத்திவந்தார்கள். அந்தச் சபையின் பெயர் வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை. வாய் நிறையச் சொல்லிப் பாருங்கள்! பொழுது விடியுமுன் ஆலைக்கு ஓடி, இருட்டிய பின் திரும்புகிறவன் கூடும் இடத்துக்கு இப்படி ஒரு பெயர். திரு.வி.க.வும் அங்கே பேசப் போவார். புராணம் கேட்க வந்தவர்கள் மெல்லத் தங்கள் குறையைச் சொல்லத் தொடங்கினார்கள். நண்பகல் உணவு இடைவேளை போதவில்லை. மேற்பார்வை அதிகாரி அடிக்கிறார். கூலி வயிற்றுக்குக் காணவில்லை. புராணம் பின்னே நகர்ந்தது. 1918 ஏப்ரல் 27-இல் அங்கே பிறந்தது சென்னைத் தொழிலாளர் சங்கம். இந்தியாவிலே முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள். வர்ஷிணி சபை என்ற பெயருக்குப் பக்கத்திலே தொழிலாளர் சங்கம் என்ற பெயரை வைத்துப் பாருங்கள். எந்தப் பெயரைக் கேட்டால் தொழிலாளி அது தன்னுடையது என்று தெரிந்துகொள்வான்?

சங்கத்தின் தலைவர் வாடியா. அன்னி பெசன்டு அம்மையாரின் தோழர், பம்பாய்ப் பார்சி. நல்ல உள்ளம் படைத்தவர். ஆனால் தமிழ் தெரியாது. ஆங்கிலத்திலே பேசுவார். துணைத்தலைவர்களில் ஒருவரான திரு.வி.க. தமிழிலே சொல்வார். கூலி, வேலை நேரம், இலாபம், உரிமை ஆகிய பொருள்களை ஐரோப்பியத் தொழிலாளி தன் மொழியிலே நெடுநாள் பேசிப் பழகியிருந்தான். நம் தொழிலாளிக்கு அவற்றைச் சொல்ல மேடைத் தமிழ் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் தரையிலே உட்கார்ந்திருக்க, நின்ற இடத்திலே சொல்லைத் தேடி எடுக்க வேண்டும். தவறான சொல் விழுந்தால் குதிரைப் படை வரும். அகராதியைப் புரட்ட நேரம் ஏது?

அதே 1918-இல் அவருடைய துணைவியார் கமலாம்பாள் மறைந்தார். பிறந்த இரு குழந்தைகளும் முன்னரே போய்விட்டன. மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1920-இல் பின்னி கம்பெனி உயர்நீதிமன்றம் ஏறிற்று. தொழிலாளரை வேலைக்குப் போகவிடாமல் தூண்டினார்கள் என்பது வழக்கு. சங்கத்தார்மேல் தடையாணை பிறந்தது. சங்கம் வைத்ததற்காகவே வழக்குப் போடலாம் என்ற அந்த அநீதியைக் கண்டுதான் தொழிற்சங்கச் சட்டத்துக்கான குரல் வலுத்தது. 1926-இல் சட்டம் வந்தது. இடையிலே 1921-இன் பெரிய வேலைநிறுத்தம். துப்பாக்கிச் சூடு நடந்தது. ஆட்சியிலே இருந்தது நீதிக்கட்சி. ஆலை முதலாளிக்கு வாய்த்த பெருந்துணை சாதி! ஆதிதிராவிடத் தொழிலாளர் ஒரு பக்கம், மற்றவர் ஒரு பக்கம் என்று பிளந்தது, புளியந்தோப்பு எரிந்தது, போராட்டம் தோற்றது. இதை மறைத்து எழுத நமக்கு விருப்பமில்லை. ஆளுநர் வில்லிங்டன் திரு.வி.க.வை நாடு கடத்த எண்ணியபோது, நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் குறுக்கே நின்று தடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும். கட்சி வேறு, ஆனாலும் தமிழ்ப் பேனா ஒன்றைக் கடலுக்கு அப்பால் எறிய அவர் மனம் ஒப்பவில்லை.

இனி 1925. காஞ்சிபுரத்திலே தமிழ்நாட்டுக் காங்கிரசு மாநாடு, நவம்பர் திங்கள். தலைவர் நாற்காலியிலே திரு.வி.க. வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்தைப் பெரியார் கொண்டுவந்தார். தலைவர் அதை எடுத்துக்கொள்ள இடம் தரவில்லை. பெரியார் எழுந்தார், வெளியேறினார், அதன் பிறகு தமிழ்நாட்டு அரசியல் வேறு திசையில் நடந்தது. நாற்காலியில் இருந்தவர் செய்தது தவறு என்பது நம் தீர்ப்பு. இன்றும் அதுதான் தீர்ப்பு. ஆனால் இதே மனிதர்தான் வைக்கம் போராட்டத்தை அடுத்துத் தம் நவசக்தியிலே பெரியாருக்கு வைக்கம் வீரர் என்று பெயர் சூட்டியவர். அந்தப் பட்டத்தை நாம் எத்தனை சுவரிலே எழுதியிருக்கிறோம்! எதிரணியில் இருந்தவர் பேனாவிலிருந்து வந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

1929 பிப்ரவரியில், காஞ்சி மாநாடு நடந்த அதே மாவட்டத்திலே, செங்கற்பட்டு நகரில் முதல் சுயமரியாதை மாநாடு கூடிற்று. சாதிப் பட்டத்தை விடுவதென்று அங்கே தீர்மானம் ஆயிற்று. கல்யாணசுந்தர முதலியார் என்று ஏடுகள் எழுதிவந்த பெயர் கல்யாணசுந்தரனார் என்று நிலைத்ததைக் காண்கிறோம். கடவுள் பற்றிய பேச்சில் அவருக்கும் நம் இயக்கத்துக்கும் கடைசிவரை ஒத்துவரவில்லை. ஆனால் 1948-இல் இந்தி மறுபடி நுழைந்தபோது சென்னையிலே கூடிய எதிர்ப்பு மாநாட்டுக்கு மறைமலையடிகள் தலைமை தாங்கினார், மேடையிலே பெரியாரும் அண்ணாவும் இருந்தார்கள், திரு.வி.க.வும் இருந்தார். முந்திய ஆண்டுதான், 1947-இல், பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது காங்கிரசு ஆட்சியே அவரை வீட்டுக்காவலிலே வைத்தது. காங்கிரசு ஆட்சியின் காவலர் வாயிலிலே நிற்க, உள்ளே அறுபது கடந்த பழைய காங்கிரசுத் தலைவர்!

அவர் பட்டறையிலே பழகியவர்களில் கல்கியும் ஒருவர். 1923 முதல் சில ஆண்டுகள் நவசக்தியிலே துணையாசிரியராக இருந்தார். பின்னர் அவர் பிடித்த நடை வேறு, நின்ற அணி வேறு. ஒரே உலையிலே அடித்த இரும்பு ஒன்று ஏராகவும் மற்றொன்று வேறு கருவியாகவும் போவது உண்டு.

இராயப்பேட்டையிலே சாது அச்சுக்கூடம் வைத்திருந்தார். தலையங்கமாக வந்தது நூலாயிற்று. தேசபக்தன் கட்டுரைகள் தேசபக்தாமிர்தம் ஆயின. தலைமையுரைகள் தமிழ்த்தென்றல் ஆயின. ஏட்டுக் கட்டுரைகள் தமிழ்ச்சோலை ஆயின. ஐம்பது நூல்களுக்கு மேல். கடைசி ஆண்டுகளில் கண் பார்வை போயிற்று. படுக்கையில் கிடந்தபடி சொல்லச் சொல்ல, அருகே இருந்தவர்கள் எழுதினார்கள். அந்த நூலுக்குப் படுக்கைப் பிதற்றல் என்று தாமே பெயர் வைத்தார். 1953 செப்டம்பர் 17-இல் மறைந்தார்.

இனி அந்த எழுத்து யாருக்குச் சொந்தம்? நம் தோழர்கள் பலருக்கு இதிலே தெளிவில்லை. கோவளம் முதல் கல்பாக்கம் வரை கடற்கரை ஊர்களின் படிப்பகங்களில் பேசும்போதெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. ஆகவே சற்று விரித்துச் சொல்கிறோம்.

சொல் யாருக்கும் சொந்தமல்ல. செய்தியும் யாருக்கும் சொந்தமல்ல. அதை எழுதிய முறைக்குத்தான் பதிப்புரிமை. திரு.வி.க. மறைந்தபோது 1914-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருந்தது. பிறகு 1957-இன் சட்டம் வந்தது. ஆசிரியர் மறைந்த பின் 50 ஆண்டு என்றது. வங்கத்துத் தாகூரின் நூல்களுக்கு உரிமை முடியப்போகும் நேரத்திலே, 50 என்பதை 60 ஆக்கினார்கள். அந்தக் கணக்கின்படி திரு.வி.க.வின் நூல்கள் 2013 முடிவிலே பொதுவாக வேண்டியவை. ஆனால் தமிழ்நாட்டு அரசு முன்னரே அவற்றை நாட்டுடைமை ஆக்கிவிட்டது. இந்த வழியை இந்நாட்டுக்குக் காட்டியதே பாரதியார் பாடல்கள். 1949-இல் சென்னை அரசு அவற்றின் உரிமையை வாங்கிற்று. ஆகவே இன்று துள்ளத்துக்காரரின் நூலை எந்த அச்சகமும் அச்சிடலாம், எந்தப் படிப்பகமும் படியெடுக்கலாம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் பெயர்? சட்டத்தின் 57-ஆவது பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பிறகும் எழுதியவன் தானே எழுதினான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையையும், எழுத்தைத் திரித்துக் கெடுப்பதைத் தடுக்கும் உரிமையையும் காக்கிறது. நாட்டின் அன்றாட அரசியல் பற்றிய கட்டுரையை ஓர் ஏடு மற்றோர் ஏட்டிலிருந்து எடுத்து வெளியிடலாம் என்று 52-ஆவது பிரிவு இடம் தருகிறது; எழுதியவர் வேண்டாம் என்று குறித்திருந்தால் மட்டும் கூடாது. எடுக்கலாம்; பெயரை அறுக்க அது இடம் தரவில்லை. இன்று கைப்பேசியிலே நடப்பது அறுவடை! நாம் எழுதிய கட்டுரை ஒன்று, மேலே இருந்த பெயர் போய், நடுவிலே இரண்டு பத்தி திரிந்து, யாரோ ஒருவருடைய எழுத்தாக நமக்கே திரும்பி வந்தது. படித்துப் பார்க்குமாறு நமக்குப் பரிந்துரையும் செய்திருந்தார்கள்!

மொழி மட்டும் என்ன வாழ்கிறது? தொலைக்காட்சியைத் திருப்புங்கள். அக்கிராசனாதிபதி போனார், அவர் நாற்காலியிலே ஆங்கிலம் உட்கார்ந்துவிட்டது. பிரேக்கிங் நியூஸ், லைவ் அப்டேட், எக்ஸ்க்ளூசிவ்! தமிழ் எழுத்திலே ஆங்கிலம் ஓடுகிறது. மாமல்லபுரத்துக் கடைத்தெருவிலே வெளிநாட்டாருக்காக அவர்கள் மொழியிலே பலகை வைப்பது வணிகம். அதிலே நமக்குக் குறையில்லை. சிற்பக்கூடத்திலே தூசி படிந்து நிற்கும் நம் தோழனுக்காக நடத்தும் செய்தியை அவன் மொழியிலே சொல்லாதது என்ன? பஸ், போலீசு, டீ என்று அவனே பேசும் சொல்லைப் பிடுங்கச் சொல்லவில்லை. வாடியாவின் பேச்சை நின்ற இடத்திலே தமிழாக்க ஒருவரால் 1918-இல் முடிந்தது; அத்தனை கருவிகளோடு அறையிலே உட்கார்ந்திருப்பவர்களால் ஏன் முடியவில்லை என்றுதான் கேட்கிறோம்.

படிப்பகங்களுக்கு ஒரு சொல். தமிழ்ச்சோலை, தமிழ்த்தென்றல், வாழ்க்கைக் குறிப்புகள் ஆகிய மூன்றையும் வாங்கி வையுங்கள். கடைசி நூல் 1944-இல் வந்த தன்வரலாறு. அதை முதலில் எடுங்கள். தொழிலாளர் சங்கம் பற்றிய பகுதியை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் கேட்கலாம். பக்கங்களைப் படியெடுத்துக் குழுவிலே போடுவோர் தாராளமாகப் போடட்டும், அடியிலே திரு.வி.க. என்ற பெயரையும் நூலின் பெயரையும் விடாமல் போடட்டும்.